தவணை நிறைவும் வாசிப்பறைக் கம்பளமும்: பெற்றோருக்குத் தலைமையாசிரியர் கடிதம்

மதிப்பிற்குரிய பெற்றோர்களே, வணக்கம்.

இத்தவணை இனிதே நிறைவுபெறுகிறது. திருக்குறள் ஒப்புவித்தல், குறுக்கோட்டம், புத்தாக்கப் போட்டி ஆகியவற்றில் நம் மாணவர்கள் ஆர்வத்துடன் பங்கேற்றுப் பரிசுகளும் பெற்றனர். வகுப்புசார் மதிப்பீட்டு அறிக்கைகளை வகுப்பாசிரியர்களிடம் பெற்றுக்கொள்ளலாம். உழைத்த அனைவருக்கும் என் வாழ்த்துகள்.

பாலர் வகுப்பை ஒட்டிய வாசிப்பறையைப் பற்றிச் சற்று விரிவாக எழுத வேண்டியுள்ளது. அங்குள்ள குளிரூட்டியின் வடிகுழாயில் பாசியும் தூசும் சேர்ந்து அடைத்துக்கொண்டதால், தட்டில் நிரம்பிய நீர் சுவர்வழியே இறங்கிக் கம்பளத்தில் ஊறியிருக்கிறது. மேற்பரப்பு உலர்ந்தே தெரிந்ததால் எவரும் கவனிக்கவில்லை. திங்கட்கிழமை காலை கதவைத் திறந்த ஆசிரியைக்கு நெடி தாங்கவில்லை. மூலையைத் தூக்கிப் பார்த்தபோது, அடியிலுள்ள ரப்பர் விரிப்பு முழுவதும் கறுப்பும் பச்சையுமாகப் பூஞ்சை படர்ந்திருந்தது. நனைந்த கம்பளத்தை 24 முதல் 48 மணி நேரத்துக்குள் முழுமையாக உலர்த்தினால்தான் பூஞ்சையைத் தடுக்க முடியும். மாலைதோறும் மழை பெய்யும் நம் வட்டாரத்தில், பூட்டிக் கிடந்த அறைக்குள் அந்த வாய்ப்பு எப்போதோ கடந்துவிட்டது.

அக்கம்பளம் முன்னாள் மாணவர்கள், அவர்களில் பலர் செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டத்திலும் ஆலையிலும் வேலை செய்பவர்கள், சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் வாங்கியது. அதை எறிய மனம் வராது என்பதை நான் நன்கறிவேன், எனக்கும் வரவில்லை. ஆயினும் பூஞ்சையின் இழைகள் நூலுக்குள்ளும் அடிவிரிப்புக்குள்ளும் ஊடுருவிவிடுகின்றன. பிளீச் ஊற்றினால் மேலே உள்ள கறை வெளுக்கும். பிளீச்சிலுள்ள நீரோ இன்னும் உள்ளே இறங்கும். இறந்த பூஞ்சைகூட ஒவ்வாமையைத் தூண்டக்கூடியது என்பதால், கழுவிக் காயவைத்தாலும் ஆறு வயதுப் பிள்ளைகளை அதன்மீது அமரச் செய்ய என்னால் இயலாது.

இந்நிலையில், சென்ற சனிக்கிழமை பெற்றோர் சிலர் காவலரிடம் சாவி பெற்று, பூட்டிய அறையைத் திறந்து, கம்பளத்தை நடைவழிக்கு இழுத்து வந்து துடைப்பத்தால் தட்டியிருக்கின்றனர். பிள்ளைகளும் உடனிருந்து உதவியிருக்கின்றனர். நோக்கம் நல்லதே. ஆனால் உலர்ந்த பூஞ்சையைத் தட்டினால் அதன் நுண்துகள்கள் காற்றில் பரவும்; அந்நடைவழியில்தான் இன்ஹேலர் எடுத்து வரும் பிள்ளைகளும் நடக்கின்றனர். இது மீண்டும் நடக்கக் கூடாது. என் அனுமதியின்றி எவரும் அவ்வறையைத் திறக்கக் கூடாது. கூடுதல் வகுப்புக்கும் அதைப் பயன்படுத்தக் கூடாது. காவலரிடமும் இதைத் தெளிவாகக் கூறிவிட்டேன்.

விடுமுறையில் வடிகுழாயைச் சுத்தம் செய்து, அதன் சாய்வையும் சரிசெய்யவுள்ளோம். கசிவை நிறுத்தாமல் தரையைத் தேய்ப்பதில் பயனில்லை என்பதால் அவ்வேலையே முதலில். பிறகு, முகக்கவசம் அணிந்த பணியாளர்கள் கம்பளத்தைச் சற்று நனைத்து, துண்டுகளாக வெட்டி, பிளாஸ்டிக் உறையில் கட்டி அகற்றுவார்கள். சிமெண்டுத் தரையும் சுவரும் சோப்பு நீரால் கழுவப்பட்டு முழுதும் உலர்ந்த பின்னரே அறை திறக்கப்படும். பணியிடங்களுக்கான மலேசியாவின் 2010-ஆம் ஆண்டு உட்புறக் காற்றுத் தர வழிகாட்டி, காற்றின் ஈரப்பதம் 40 முதல் 70 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும் என்கிறது; நாமும் அதையே அளவாகக் கொண்டு, அங்கே ஓர் ஈரமானி வைக்கவிருக்கிறோம். இனி அங்குக் கம்பளம் இராது. வெயிலில் எடுத்துப் போடக்கூடிய மெங்குவாங் (தாழையோலை) பாய்களே போதும்.

ஆஸ்துமா அல்லது ஒவ்வாமை உள்ள பிள்ளைகளின் பெற்றோர் வகுப்பாசிரியரிடம் வெள்ளிக்கிழமைக்குள் எழுத்துவழி தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

கம்பளத்தைக் காப்பாற்ற முனைந்தவர்களின் அன்பை நான் குறைவாக எண்ணவில்லை. அன்று வந்தவர்களில் சிலர் முந்தைய இரவு ஆலையில் வேலை முடித்து நேரே வந்தவர்கள் என்று பின்னரே அறிந்தேன். அவர்களுக்கும், பாய்கள் தருவதாக முன்வந்த பெற்றோர் ஆசிரியர் சங்கத்தினருக்கும் என் மனமார்ந்த நன்றி.

இக்கண்,
தலைமையாசிரியர்