பட்டியலில் ஹாக்கி உண்டா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2030 காமன்வெல்த் விளையாட்டுப் போட்டி ஆமதாபாத்தில் நடக்கவிருப்பது பற்றிய தங்கள் தலையங்கத்தைப் படித்தேன். 1930-இல் கனடாவின் ஹாமில்டன் நகரில் பிரிட்டிஷ் பேரரசுப் போட்டி என்ற பெயரில் தொடங்கியது நூறாவது ஆண்டில் நம் நாட்டுக்கு வருவதில் எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் அரங்குகளையும் செலவையும் விரிவாக அலசிய தலையங்கம், எந்தெந்த விளையாட்டுகள் இடம்பெற வேண்டும் என்பதைத் தொடவே இல்லை.

நான் ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர். இன்றும் மாலையில் பிள்ளைகளுக்கு ஹாக்கி சொல்லித் தருகிறேன். மைதானம் என்றால் செம்மண்ணும் சரளையும்தான். கல்லில் பட்ட பந்து முழங்கால் உயரத்துக்கு எகிறும். கைப்பிடி கிழிந்த மட்டைக்குச் சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றியிருப்பார்கள். அப்படியொரு மட்டையோடு வந்த ஒன்பதாம் வகுப்பு மாணவி, "காமன்வெல்த்துல ஹாக்கியையே எடுத்துட்டாங்களாமே சார், நான் ஓட்டத்துக்கு மாறிடட்டுமா?" என்று கேட்டாள்.

அவள் கேட்டதில் தவறில்லை. 2026 போட்டியை நடத்துவதாக இருந்த ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் செலவைக் காரணம் காட்டி 2023-இல் விலகிக்கொள்ள, குறைந்த செலவில் நடத்த முன்வந்த கிளாஸ்கோ நகரம் பத்தே விளையாட்டுகள் போதும் என்று சுருக்கியதில், ஹாக்கியோடு மல்யுத்தம், பேட்மிண்டன், டேபிள் டென்னிஸ், ஸ்குவாஷ், கிரிக்கெட் எல்லாம் அடிபட்டுப்போயின. 2022-இல் பர்மிங்ஹாமில் நாம் பெற்ற 61 பதக்கங்களில் 12 மல்யுத்தத்தில் வந்தவை. 1934-இல் லண்டனில் ரஷீத் அன்வர் வென்ற நம் முதல் பதக்கமும் மல்யுத்தத்தில்தான்.

ஒலிம்பிக்கில் ஹாக்கி இருக்கிறதே என்று சிலர் கேட்கலாம். இந்தப் பெண் ஆமதாபாத்தில் ஆடப்போவதில்லை என்பது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனால் தொலைக்காட்சியில் எப்போதோ ஒருமுறை வரும் விளையாட்டுக்காகப் பெற்றோர் பிள்ளைகளின் மாலை நேரத்தை விட்டுத் தருவதில்லை. 2025 இறுதியில் சென்னையிலும் மதுரையிலும் ஜூனியர் உலகக் கோப்பை நடந்த நாள்களில் எங்கள் செம்மண் மைதானத்தில் கூட்டம் கூடியதைப் பார்த்தவன் என்பதால் சொல்கிறேன்.

எனவே இந்திய ஒலிம்பிக் சங்கம் ஹாக்கியையும் மல்யுத்தத்தையும் பட்டியலில் சேர்க்க வலியுறுத்த வேண்டும். அதையும் கடைசி நேரத்தில் அல்லாமல், இப்போதே செய்ய வேண்டும். அந்த மாணவியிடம், பட்டியல் வரும்வரை மட்டையை விடாதே என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்,
பாலக்கோடு, தருமபுரி மாவட்டம்.