கிணற்றடிக் கல்

நீர்வேலி
ஆவணி, வெள்ளிக்கிழமை இரவு

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். வட்ஸ்அப்பில் அனுப்பினால் நீ பார்த்ததும் இரண்டு நீலக் கோடு விழும், பிறகு நான் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டு குந்தியிருப்பேன். அதுதான் கொப்பித் தாளில் எழுதி, தம்பியைக் கொண்டு படம் எடுத்து ஈமெயிலில் போடச் சொல்லியிருக்கிறேன். ஆறுதலாக வாசி. உடனே பதில் எழுத வேணும் என்று இல்லை. எழுதினால் நல்லது.

வீட்டில் எல்லாரும் சுகம். நல்லூரில் கொடியேறிவிட்டது, அம்மா 25 நாளும் விரதம் என்று நிற்கிறா. ஆச்சிக்கு வழக்கம்போல முழங்கால் நோ. போன கிழமைக் காற்றுக்கு நாற்பது கதலி முறிந்துபோனது. இதற்கு மேல் புதினம் இல்லை.

நான் கேட்க வந்தது வேறு. உங்கள் பக்கம் இப்போது மழைக்காலம், பின்னேரத்தில் திடீரென்று இடியோடு கொட்டும் என்று தம்பி பார்த்துச் சொன்னான். அந்தக் காய்ந்த பூமியில் என்ன மழை என்றுதான் நான் இவ்வளவு நாளும் இருந்தேன். பிறகு அவன் 1997 ஆகஸ்ட் 12 இல் நடந்த கதையை வாசித்துக் காட்டினான். அன்டிலோப் கன்யன், அதுவும் உன்னுடைய அரிசோனாதான். ஒடுங்கின கல் ஒழுங்கைக்குள் நின்ற 11 பேரை வெள்ளம் அடித்துக்கொண்டு போயிருக்கிறது. அவர்கள் நின்ற இடத்தில் மழை பெரிதாக இல்லையாம். பெய்தது மைல் கணக்கில் தள்ளி, மேட்டில். அங்கே கல் தண்ணீரைக் குடிக்காது, பிடித்து வைக்க மண்ணும் இல்லை, பெய்தது முழுக்க ஒரே பள்ளத்துக்குள் ஓடி வரும். எங்கள் ஊர்க் கல்லில் ஆயிரம் துவாரம், மழை அப்படியே கீழே இறங்கிக் கிணற்றில் நிற்கும், ஆறு என்று சொல்ல வழுக்கையாறு ஒன்றுதான், அதுவும் மாரியில் மட்டும். எங்கேயோ பெய்த மழை வெயிலில் நிற்கிற ஆளை வந்து பிடிக்கும் என்பது எனக்குப் புதிது. அதைக் கேட்ட நாளில் இருந்து நித்திரை சரியில்லை.

அதனால் பிள்ளை, உன் கிராண்ட் கன்யன் பள்ளத்துக்குள் இறங்க முதல் உன் தலைக்கு மேலே உள்ள வானத்தை மட்டும் பார்க்காதே, மேட்டுப் பக்கம் எங்கே இருட்டிக் கிடக்கிறது என்று பார். அப்பு என்னைப் பழங்கிணற்றுக்குள் இறக்க முதல் கயிற்றில் அரிக்கன் லாம்பைக் கட்டி இறக்குவார். லாம்பு அணைந்தால் அன்றைக்கு வேலை இல்லை, கூலி போனாலும் பரவாயில்லை, எல்லாரும் வீட்டுக்கு. ஒருநாளும் அவர் அதை மறந்ததில்லை. உனக்கும் அப்படி ஒரு லாம்பு இருக்க வேணும். தனியே இறங்காதே. யாரிடமாவது சொல்லிவிட்டு இறங்கு.

வெயிலும் அப்படித்தான். மேல் விளிம்பில் குளிர்காற்று அடித்தாலும் கீழே ஆற்றடியில் 40 பாகையைத் தாண்டும் என்று நீயே ஒருமுறை சொன்னாய். மலை ஏறுகிறவன் களைத்தால் திரும்பி இறங்கலாம். பள்ளத்தில் இறங்கினவனுக்குக் களைத்த பிறகுதான் ஏற்றம் தொடங்கும், கிணறு வெட்டுகிறவனுக்கும் அதே கதைதான். தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டிருக்காதே, உப்பும் உள்ளே போக வேணும். ஒரே நாளில் ஆற்றுக்கு இறங்கித் திரும்பி ஏற வேண்டாம் என்று அந்தப் பூங்காக்காரரே எழுதிப் போட்டிருக்கிறார்கள் அல்லவா, அது உனக்கும் சேர்த்துத்தான். படித்தவர்களுக்குப் பொருந்தாது என்று நினைக்காதே.

நீ கடைசியாகக் கதைத்து இன்றைக்கு 23 நாள். நானும் அம்மாவும் தனித்தனியாக எண்ணியிருக்கிறோம், இரண்டு பேர் கணக்கும் ஒன்றுதான். கோண்டாவில் ஆட்களுடைய விஷயத்தை இதில் எழுத மாட்டேன். அது முடிந்தது. பெரியப்பா கேட்டால் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். அன்றைக்கு லைன் சரியில்லாமல் போன் கட்டானது என்று அம்மாவிடம் சொன்னேன். லைன் சரியாகத்தான் இருந்தது.

சரி, அதை விடு. நீ அனுப்பிய படங்களை நான் வாசிகசாலையில் காட்டாத ஆள் இல்லை. ஆக மேலே கைபாப் சுண்ணாம்புக்கல், 27 கோடி ஆண்டு. அதற்குக் கீழே கொக்கோனினோ மணற்கல், அது ஒரு காலத்துப் பாலைவனத்து மணல் மேடு, காற்று அடித்த சாய்வு இன்னும் கோடு கோடாகத் தெரியும். பிறகு ஹெர்மிட், சுப்பாய், அதற்கும் கீழே செங்குத்தாக நிற்கிற ரெட்வோல், 34 கோடி ஆண்டு. மனப்பாடமாகச் சொல்லுவேன். ரெட்வோல் பெயரில்தான் சிவப்பு, உடைத்துப் பார்த்தால் சாம்பல் நிறச் சுண்ணாம்புக்கல், மேலே இருக்கிற அடுக்குகளின் இரும்புக்கறை மழையில் வழிந்துதான் அப்படி நிற்கிறது என்று நீ சொன்னபோது எனக்கு எங்கள் கிணறுகள்தான் ஞாபகம் வந்தன. மேலே செம்பாடு, கீழே வெள்ளைக் கல். வேலை முடிந்து ஏறினால் தலையில் சிவப்பு மண், முழங்காலுக்குக் கீழே சுண்ணாம்பு வெள்ளை. அந்தச் சிவப்பும் இரும்புதான் என்று தெரியாமலே முப்பது வருடம் தோய்த்திருக்கிறேன்.

ஆச்சிக்கு வேறு சந்தோஷம். அங்கே ஒரு கல்மலைக்கு சிவன் கோயில் என்றும் இன்னொன்றுக்கு விஷ்ணு கோயில் என்றும் கிளாரன்ஸ் டட்டன் என்ற புவிச்சரிதவியலாளர் 1880களில் பெயர் வைத்தார் என்று நீ சொன்னாய் அல்லவா, ஆச்சி அந்தச் சிவன் கோயில் படத்தைப் பெரிதாக எடுப்பித்துச் சாமியறையில் வைத்திருக்கிறா. விளக்கு வைக்கும்போது உன் பெயரைச் சொல்லுகிறா.

எனக்குப் பிடித்தது அந்தப் பிளவு. பிரைட் ஏஞ்சல் என்று எழுதியிருந்தாய். கல் வெடித்து, ஒரு பக்கத்து அடுக்கு மற்றப் பக்கத்தைவிட ஏறக்குறைய 60 மீட்டர் உயர்ந்து நிற்கிறது, நீ சிவப்புப் பேனையால் கோடு போட்டுக் காட்டியிருக்காவிட்டால் எனக்குத் தெரிந்திருக்காது. ரெட்வோல் மாதிரி 150 மீட்டர் சுவரில் மனிதன் இறங்க வழியே இல்லை, அந்தப் பிளவில் கல் நொறுங்கிக் கிடப்பதால்தான் பாதை போக முடிந்தது, பாதி வழியில் ஊற்றும் அதன் வழியேதான் வருகிறது, மரம் நிற்கிறது என்றாய். எனக்கு நீ இதைப் படிப்பிக்கத் தேவையில்லை பிள்ளை. வைரக் கல்லில் எத்தனை நாள் அலவாங்கு போட்டாலும் தண்ணீர் வராது, ஒரு வெடிப்பைக் கண்டால்தான் ஊற்றுக்கண். ஆனால் ஒருமுறை அசைந்த கோட்டிலேதான் நிலம் திரும்பத் திரும்ப அசையும், அதே பிளவு வேறு வேறு காலத்தில் வேறு வேறு திசைக்கு நகர்ந்திருக்கிறது என்றாயே, அது எனக்குத் தெரியாது.

இவ்வளவும் சொல்லித்தந்த பிள்ளைக்கு ஒரு போன் எடுக்க ஐந்து நிமிஷம் இல்லையா? பன்னிரண்டரை மணித்தியால வித்தியாசம், ஓம், எனக்கும் தெரியும். நீ காலையில் எழும்பும் நேரம் நாங்கள் விளக்கு வைத்துவிட்டு விறாந்தையில்தான் இருப்போம். படிப்பு முடியவில்லை, இன்னும் இரண்டு வருடம் என்று நீ சொன்னதில் பிழை இல்லை. நான்தான் அந்த நேரத்தில் வேறு மாதிரி எடுத்துக்கொண்டேன். தண்ணீர் கொண்டு போ. தொப்பி போடு.

அந்தக் கைப் படத்தைப் பற்றி எழுத வேணும். ஆற்றடியில், கல்லில் நீ உள்ளங்கையை வைத்து எடுத்தது. கீழே கறுத்து மினுங்குகிற விஷ்ணு ஷிஸ்ட், 170 கோடி ஆண்டு, மேலே பழுப்பு மணற்கல், 50 கோடி ஆண்டு. உன் பெருவிரல் ஒன்றில், சின்னவிரல் மற்றதில். நடுவில் 120 கோடி ஆண்டு கிடையாது, அந்தக் காலத்துக் கல் இந்த இடத்தில் ஒரு விரல் தடிப்பும் மிஞ்சவில்லை. 1869 இல் பவல் என்பவர் படகில் போய்ப் பார்த்து எழுதினார், அவருக்கு யுத்தத்தில் ஒரு கை போயிருந்தது என்று நீ சொன்னபோது ஆச்சி சின்னமாமாவை நினைத்து அழுதா. நான் கல்லைப் பார்க்கவில்லை. உன் நகத்தைத்தான் பார்த்தேன். இரண்டு நகம் உடைந்திருந்தது, சுட்டுவிரலில் பிளாஸ்டர், தோல் என்னுடைய கை மாதிரி வெடித்துக் கிடந்தது. அந்தக் கை அப்படி ஆகக்கூடாது என்றுதான் நான் பாடுபட்டேன் என்று நினைத்தேன்.

அதோடு நீ எழுதியிருந்தாய், எந்த இடத்தில் எந்த மட்டத்தில் எடுத்தது என்று குறிக்காவிட்டால் அது வெறும் கல் அப்பா, அதை வைத்து ஒன்றும் சொல்லேலாது என்று. சாதாரணமாகத்தான் எழுதினாய். எனக்கு அது தொண்டையில் நிற்கிறது.

உன் பிஸ்கட் பேணியைப் பற்றிச் சொல்ல வேணும்.

யாழ்ப்பாணத்துக்கு வரும் பாதையை யுத்தத்தில் பூட்டின வருடம், 2006. உனக்கு 11 வயது. உன் கல்லுப் பேணியை வேலைக்கு வந்த பொடியள் குப்பை என்று எறிந்துவிட்டார்கள் என்று நான் சொன்னேன். அவர்கள் எறியவில்லை. நான்தான் கொட்டினேன். கிணற்றடித் தளம் போட்ட அன்று சல்லி காணவில்லை, டீசல் இல்லாமல் லொறி வரவில்லை, முதலே வாங்கி வைத்த சீமெந்து ஈரத்தில் கட்டியாகத் தொடங்கிவிட்டது, எல்லாம் உண்மை. ஆனால் ஒரு பேணிக் கல்லால் தளம் நிரம்பாது. அது எனக்கும் தெரியும். முதல் நாள் கோயில் வீதியில் ஒருவர், ஆள் யாரென்று எழுத மாட்டேன், கிணறு வெட்டுகிறவனுடைய பிள்ளையும் கல்லுத்தான் பொறுக்குது என்றார். நான் சிரித்துவிட்டு வந்தேன். வந்து உன் பேணியைத் திறந்தேன். ஒவ்வொரு கல்லையும் கணக்குக் கொப்பித் தாளில் சுற்றி, 9 அடி, 12 அடி, 15 அடி என்று எழுதி வைத்திருந்தாய். என் துலாக்கயிற்றில் நீ எண்ணெய்ச்சீலையால் கட்டிய முடிச்சுகளை வைத்து அளந்தது. சமாதான காலம் முழுக்க, நான் வெட்டிய ஒவ்வொரு கிணற்றடியிலும் வந்து நின்று சேர்த்தது. அந்தத் தாள்களை ஒவ்வொன்றாகக் கழற்றினேன். அவசரப்படவில்லை. தாளை அடுப்பில் போட்டேன், கல்லைக் குழையலுக்குள் போட்டேன்.

நீ இரண்டு நாள் சாப்பிடவில்லை. வேறு கல் எடுத்துத் தருகிறேன் என்றேன். அது எந்த அடி என்று தெரியாதே அப்பா என்று நீ அழுதாய். பதினொரு வயதில் உனக்குத் தெரிந்தது எனக்கு இப்போதுதான் விளங்குகிறது. அந்தப் பொடியளில் ஒருவன் உன்னிடம் மன்னிப்புக் கேட்டான், நான்தான் கேட்கச் சொன்னேன். செய்யாத பிழைக்கு அவன் கேட்டான். அவனிடமும் நான் இன்னும் சொல்லவில்லை.

அன்றைக்கு போனில் கல்லோடயே கிட என்று நான் கத்தியதும் இதே வாய்தான்.

எங்கள் கல் மயோசீன் காலத்துக் கடலில் படிந்தது, கொலராடோ ஆறு அந்தப் பெரும்பள்ளத்தை வெட்ட முதலே இங்கே சிப்பிகள் செத்துக் கல்லாகத் தொடங்கிவிட்டன என்று போன வருடம் நீ பெருமையாகச் சொன்னாய். அதில் ஒரு சிப்பி இப்போது வெளியே தெரிகிறது. கிணற்றடியில் வாளி வைக்கிற மூலையில் சீமெந்து தேய்ந்து, கட்டைவிரல் அளவில், விசிறி மாதிரி வரி வரியாக. நான்கைந்து வருடமாகத் தெரிகிறது. நான் ஒவ்வொரு நாளும் அதன் மேல்தான் வாளியை வைத்து மறைத்துக்கொண்டு வந்தேன்.

அதன் தாள் போய்விட்டது. ஆனால் அந்த ஒரு கல் எனக்கு ஞாபகம் இருக்கிறது. 2004, எங்கள் கிணற்றையே ஆழமாக்கினபோது எடுத்தது. 18 அடி. வடக்குச் சுவரில், ஊற்றுக்கண்ணுக்கு ஒரு சாண் மேலே. நீ மேலே இருந்து எட்டிப் பார்த்து அந்தக் கல்தான் வேணும் என்றாய், நான் அலவாங்கை மெதுவாகக் கொடுத்து உடையாமல் பெயர்த்துக் கடகத்தில் வைத்து அனுப்பினேன். இதில் பிழை இல்லை, நிச்சயமாகச் சொல்லுகிறேன். மற்றக் கற்களுக்கு என்னால் அப்படிச் சொல்ல முடியாது.

வாளியை இன்றைக்குப் பின்னேரம் அந்த இடத்தில் இருந்து எடுத்துவிட்டேன். உளி வைத்துச் சுற்றிக் கொத்தினால் எடுக்கலாம், ஆனால் என் கை இப்போது முந்தி மாதிரி இல்லை, சிப்பி வெடித்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. எடுத்து வைக்கவோ, நீ வருமட்டும் அப்படியே விடவோ? நீ சொல்லு.

அப்பா