வளர்ந்தோர் எழுத்தறிவு வகுப்புகளின் பெறுபேறு எங்கே? கிழக்கு மாகாணக் கல்விப் பணிப்பாளருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய பணிப்பாளர் அவர்களுக்கு,

மட்டக்களப்பு மாவட்டக் கல்வி வலயங்களின் முறைசாராக் கல்விப் பிரிவுகள் நடத்தும் வளர்ந்தோர் எழுத்தறிவு வகுப்புகள் குறித்து இதை எழுதுகிறேன். எத்தனை நிலையங்கள் இயங்கின, எத்தனை பேர் பதிந்தார்கள் என்பவை நான் பார்த்த அறிக்கைகளில் உள்ளன. வகுப்பு முடிந்தபின் தமக்கு வந்த கடிதத்தைத் தாமே வாசிக்கக் கூடியவர்கள் எத்தனை பேர் என்பது அவற்றில் இல்லை. அந்தக் கணக்கை வலயவாரியாக ஆண்டுதோறும் வெளியிட வேண்டும் என்பதே என் கோரிக்கை.

நாட்டின் எழுத்தறிவு வீதம் 90க்கு மேல் இருக்கையில் இது எதற்கு என்று கேட்கப்படலாம். குடிசனக் கணக்கெடுப்பில் 10 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களின் எழுத்தறிவு, வீட்டில் ஒருவர் சொல்லும் பதிலைக் கொண்டே பதியப்படுகிறது. எவரிடமும் ஒரு பந்தியைக் கொடுத்து வாசிக்கச் சொல்வதில்லை. பேரப்பிள்ளைகள் சூழ இருக்கையில் தமக்கு வாசிக்கத் தெரியாதென்று சொல்ல எத்தனை அம்மம்மாமார் முன்வருவார்கள்?

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபின் வவுணதீவு, பட்டிப்பளை, வெல்லாவெளி, வாகரைப் பகுதிகளில் பள்ளிப் பருவத்தைத் தொலைத்தவர்கள் இன்று நாற்பது வயதைக் கடந்து குடும்பம் நடத்துகிறார்கள். நுண்கடன் குழுக்களில் ஒருவருக்கொருவர் பிணை நிற்கும் பெண்களில், தாம் ஒப்பமிடும் படிவத்தின் வட்டி விவரத்தை வாசிக்க இயலாதவர்களும் இருக்கிறார்கள். ஒப்பமிடக் கற்றுக்கொடுத்து அதையே எழுத்தறிவு என்று கணக்கிடுவது இவர்களுக்குப் பாதுகாப்பல்ல. என் பார்வையில் அது ஆபத்தைக் கூட்டவும் கூடும்.

பெறுபேற்றைக் கேட்டால் போதனாசிரியர்கள் தலையில் பழி விழும், பழிக்கு அஞ்சி ஓரளவு வாசிக்கத் தெரிந்தவர்களையே சேர்த்துக்கொள்வார்கள் என்ற மறுப்பை நான் ஏற்கிறேன். ஆகவேதான் சேரும்போது ஒரு முறையும் முடிக்கும்போது ஒரு முறையும் அளக்க வேண்டும், இடைவிலகியோரின் எண்ணிக்கையைக் காரணத்துடன் பதிய வேண்டும், அந்தக் காரணங்களுக்கு மேலிடம் பதில் சொல்ல வேண்டும். நிதியாண்டு டிசம்பர் 31இல் முடிகிறது என்பதற்காக ஆண்டின் பிற்பகுதியில் அவசரமாக நடத்தப்படும் வகுப்பு, மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில் மாரிப்போக விதைப்போடும் அதன்பின் வெள்ளத்தோடும் மோதுகிறது. விதைப்புக்குப் போன பெண்ணை இடாப்பில் 'வரவில்லை' என்று குறிப்பது எளிது; கால அட்டவணையை வகுத்தவரை எந்த இடாப்பிலும் குறிப்பதில்லை.

கிழக்கு மாகாண சபையின் பதவிக்காலம் 2017 செப்டெம்பரில் முடிந்த பின்னர், இக்கேள்வியைச் சபையில் எழுப்ப மக்கள் தெரிந்தெடுத்த மாகாண உறுப்பினர் எவரும் இல்லை. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது; எழுத்தில் கேட்க இயலாதவர் வாய்மொழியாகக் கேட்டால், அதைத் தகவல் அலுவலரே எழுதிக்கொள்ள வேண்டும் என்றும் அது விதிக்கிறது. இந்த ஏற்பாட்டைக் கற்போருக்கு வகுப்பிலேயே சொல்லிக்கொடுக்கலாம். எனினும், பொதுப்பணத்தில் நடக்கும் வகுப்பின் விளைவை அறிய ஒவ்வொருவரும் விண்ணப்பித்துத்தான் ஆகவேண்டுமா?

வரும் செப்டெம்பர் 8, சர்வதேச எழுத்தறிவு தினத்தன்று, ஒவ்வொரு வலயத்திலும் சேர்ந்தோர், இடைவிலகியோர், ஒரு பந்தியை விளங்கி வாசித்தோர், செலவான தொகை ஆகியவற்றைத் தமிழில் அச்சிட்டு வலயக் கல்வி அலுவலகங்களிலும் பிரதேச செயலகங்களிலும் காட்சிப்படுத்துமாறும், வகுப்பு நடந்த ஊர்களில் அதைக் கூட்டமொன்றில் வாசித்துக் காட்டுமாறும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
படுவான்கரையிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்