குழந்தைகள் கணக்கில் ஓடும் முன்னோட்டங்கள் குறித்துப் புகார்

அனுப்புநர்: ஆண்டுச் சந்தாதாரர், பாளையங்கோட்டை
பெறுநர்: குறைதீர்ப்பு அலுவலர் அவர்கள்

பொருள்: குழந்தைகளுக்கான கணக்கில் 16+ தொடரின் முன்னோட்டம் தானாக ஓடியது, உள்ளடக்கக் குறிப்புகள் போதவில்லை

ஐயா / அம்மா,

கடந்த சனிக்கிழமை இரவு என் எட்டு வயது மகளும் அவள் தம்பியும் உங்கள் ஓடிடி தளத்தின் குழந்தைகள் கணக்கில் யு தரம் பெற்ற ஒரு கார்ட்டூன் படம் பார்த்தார்கள். படம் முடிந்து பெயர்கள் ஓடத் தொடங்கியதும் திரையின் மூலையில் ஒரு சின்னக் கட்டம் வந்தது. நான் ரிமோட்டைத் தேடி எடுப்பதற்குள் அது திரை முழுக்க விரிந்து, உங்கள் புதிய திகில் தொடரின் முன்னோட்டம் முழுச் சத்தத்தோடு ஓட ஆரம்பித்துவிட்டது. பேய் பிடித்த ஒரு பெண் சுவரில் தலைகீழாக ஏறுகிறாள். அவள் கழுத்தில் கிடக்கும் சிலுவை பற்றி எரிகிறது. அந்தத் தொடருக்கு நீங்களே கொடுத்திருக்கும் தரம் யு/ஏ 16+. தொடரைத் திறக்க ரகசிய எண் (PIN) கேட்கிறீர்கள். அதிலிருந்தே வெட்டி எடுத்த காட்சிகளுக்கு எந்தப் பூட்டும் இல்லை.

“இயேசப்பா சிலுவை ஏம்மா எரிஞ்சுது?” என்று மகள் கேட்டாள். அன்றிலிருந்து விளக்கை அணைத்தால் தூங்க மறுக்கிறாள்.

வாடிக்கையாளர் சேவையில் சொன்னதற்கு, ஆப்பை அழித்துவிட்டு மறுபடி இன்ஸ்டால் செய்யச் சொன்னார்கள். செய்தும் பலனில்லை. பிறகு மின்னஞ்சலில், விருப்பமில்லாவிட்டால் ‘ஸ்கிப்’ பட்டனை அழுத்தலாம் என்று பதில் வந்தது. குழந்தைகள் கணக்கில் அந்தப் பட்டனை அழுத்த வேண்டியது யார்? எழுத்துக்கூட்டிப் படிக்கும் பிள்ளையா?

எந்தப் படத்தையும் நீக்கச் சொல்லி இதை எழுதவில்லை. உங்கள் தளத்தில் எல்லோருக்கும் எல்லாம் இருக்கட்டும். எங்கள் சபையிலேயே இந்த விஷயத்தில் வீட்டுக்கு வீடு முடிவு வேறு. டிவியே வேண்டாம் என்று வைத்திருக்கிறவர்கள் உண்டு. ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலமான லெந்து நாட்களில் மட்டும் சினிமாவை நிறுத்துகிறவர்கள் உண்டு. சூப்பர் ஹீரோ படம் பரவாயில்லை, மந்திரவாதக் கதை கூடாது என்பவர்களும், அதற்கு நேர்மாறாகச் சொல்பவர்களும் ஞாயிற்றுக்கிழமை ஒரே பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். எங்கள் வீட்டில், போரின் கொடுமையைக் காட்டும் படத்தைப் மூத்த மகனோடு சேர்ந்து பார்த்துவிட்டு உட்கார்ந்து பேசுவோம். அதில் ரத்தம் இருந்தாலும் சரி. பில்லிசூனியத்தை விளையாட்டாகக் காட்டுவதையும், பெண்ணைக் கேலிப்பொருளாக்கும் நகைச்சுவையையும் யு தரம் வாங்கியிருந்தாலும் போடமாட்டோம். தீங்கான காரியத்தைக் கண்முன் வைக்கமாட்டேன் என்ற, பைபிளின் சங்கீதப் புத்தகத்தில் வரும் சங்கீதக்காரனின் தீர்மானத்தை ஒவ்வொரு பெற்றோரும் தன் பிள்ளையின் வயதையும் மனசையும் பார்த்துத்தான் நடைமுறைக்குக் கொண்டுவர முடியும். அந்த முடிவு எங்களுடையது. அதை எடுக்கத் தேவையான தகவலைத் தருவது உங்கள் கடமை.

அந்தத் தகவல்தான் கிடைக்கவில்லை. மேலே சொன்ன தொடருக்கு ‘திகில்’ என்ற ஒற்றைச் சொல்தான் குறிப்பு. பேயோட்டுதல், மத அடையாளங்களைச் சிதைத்தல், தற்கொலைக் காட்சி என்று எதுவும் அந்தக் குறிப்பில் சொல்லப்படவில்லை. தமிழ் டப்பிங்கில் பார்க்கிறவர்களுக்கும் குறிப்பு ஆங்கிலத்திலேயே வருகிறது, அதுவும் கண் சிமிட்டும் நேரம்தான். பேரப்பிள்ளைகளோடு உட்காரும் என் மாமியார் அதைப் படிப்பது எப்படி?

மத்திய அரசின் 2021-ஆம் ஆண்டு தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி யு, யு/ஏ 7+, யு/ஏ 13+, யு/ஏ 16+, ஏ என்று தரம் பிரிப்பது மட்டும் போதாது. 13+ முதல் மேலே உள்ள எல்லாவற்றுக்கும் பெற்றோர் பூட்டு வசதி இருக்க வேண்டும். உள்ளடக்கம் எத்தகையது என்பதை, பார்ப்பவர் தெரிந்து முடிவெடுக்கும்படி நிகழ்ச்சியின் தொடக்கத்திலேயே காட்டவும் வேண்டும். பூட்டுப் போட்ட தொடரின் காட்சிகளை முன்னோட்டம் என்ற பெயரில் பிள்ளைகள் முன் ஓட்டினால் அந்தப் பூட்டுக்கு அர்த்தமே இல்லை.

ஆகவே, குழந்தைகள் கணக்கில் தானாக ஓடும் முன்னோட்டங்களை உடனே நிறுத்துங்கள். மற்றக் கணக்குகளில் முன்னோட்டமும் படத்தின் தரத்துக்கும் பூட்டுக்கும் கட்டுப்பட வேண்டும். குறிப்புகளை விரிவாக, தமிழில், படிக்க அவகாசம் தந்து காட்டுங்கள். குறிப்பிட்ட ஒரு படத்தையோ தொடரையோ பெற்றோரே மறைத்துவைக்கும் வசதியையும் கொடுங்கள்.

புகார் கிடைத்ததை 24 மணி நேரத்துக்குள் உறுதிசெய்து, 15 நாட்களுக்குள் முடிவைத் தெரிவிக்க வேண்டும் என்பதும் அதே விதிகளில் உள்ளது. ஆப்பை அழித்துப் போடச் சொல்லும் பதில் இனி வேண்டாம். திருப்தியான பதில் வராவிட்டால், உங்கள் நிறுவனம் சேர்ந்திருக்கும் சுய ஒழுங்குமுறை அமைப்பிடம் மேல்முறையீடு செய்வேன். அதுவரை ஆண்டுச் சந்தாவின் தானியங்கிப் புதுப்பித்தலை நிறுத்திவைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் சந்தாதாரர்
பாளையங்கோட்டை