கோலா கோழி இறக்கை: எங்கள் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். கோழி இறக்கையின் நடுத்துண்டை, சிங்கப்பூர்ச் சந்தைகளில் ‘மிட் ஜாயிண்ட்’ என்று எல்லாரும் கேட்டு வாங்கும் பகுதியை, நம் கடையில் தனியே பிரித்து விற்கத் தொடங்கியதிலிருந்து, கோலாவில் சமைக்கும் சீன முறையைப் பற்றிப் பலர் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். சாறு கெட்டியாகவில்லை, கடைசி நேரத்தில் கசந்துவிட்டது, உப்புக் கரித்தது, நிறம் ஏறவில்லை என்பவை அடிக்கடி வரும் குறைகள். மாலைக் கூட்டத்தின் நடுவே கல்லாவில் நின்றுகொண்டு இவற்றுக்கு முழுமையாக விடை சொல்ல முடிவதில்லை. அரைகுறையாகச் சொல்லி அனுப்பவும் எங்களுக்கு மனமில்லை. அதனால்தான் இம்மடலை எழுதுகிறோம்.

இது பழஞ்சீன விருந்துகளில் இடம்பெற்ற பண்டமன்று. கோக்கா-கோலா 1949க்குப் பின் சீனாவில் இல்லாமற்போய், 1979இல் மீண்டும் அந்நாட்டுக்குள் வந்தது. 1981இல் பெய்ஜிங்கிலேயே புட்டியில் அடைக்கப்படலாயிற்று. அதற்குப் பிந்தைய ஆண்டுகளில்தான் இறக்கையைக் கோலாவில் வேகவைப்பது வீட்டுச் சமையலாகப் பரவி, இன்று சீனக் குழந்தைகள் விரும்பிக் கேட்கும் உணவாகவும், புதிதாகச் சமைக்கத் தொடங்கும் இளைஞர்கள் முதலில் கற்றுக்கொள்ளும் உணவாகவும் ஆகியிருக்கிறது. ஆனால் பானம் புதிதே தவிர முறை புதிதன்று. இறைச்சியைச் சோயா சாஸ், சர்க்கரை, அரிசி மது, இஞ்சி, வெங்காயத்தாள் ஆகியவற்றுடன் நிதானமாக வேகவைத்து, இறுதியில் சாற்றைச் சுண்டவைத்து மினுமினுக்கச் செய்யும் ‘ஹோங்ஷாவ்’ என்னும் முறை சீன வீடுகளில் நெடுங்காலமாகவே இருக்கிறது. அம்முறையில் தண்ணீரும் சர்க்கரையும் சேர்க்கப்பட்ட இடத்தில் இப்போது கோலா வந்திருக்கிறது, அவ்வளவுதான். கோலாவின் குமிழிகளுக்கு இதில் எந்த வேலையும் இல்லை. சூடேறிய சில நிமிடங்களில் அவை போய்விடும். எஞ்சுவது சர்க்கரைக் கரைசல், சிறிது புளிப்புத் தரும் பாஸ்பாரிக் அமிலம், நிறத்துக்காகச் சேர்த்த கேரமல், கொஞ்சம் வாசனை. கோலாவைச் சர்க்கரைப் பாகின் தொடக்க நிலை என்று எண்ணிக்கொண்டு சமைப்பவருக்கு, மேலே சொன்ன குறைகளில் பெரும்பாலானவை வரவே வரா.

எனவே கோலாவை வாங்கும்போது பெயரைப் பார்ப்பதைவிட அதிலுள்ள சர்க்கரையின் அளவைப் பார்ப்பது முக்கியம். வழக்கமான இனிப்புக் கோலாவில் 100 மில்லிலிட்டருக்கு ஏறத்தாழ 10.6 கிராம் சர்க்கரை உண்டு. 330 மில்லி கேன் ஒன்றில் அது 35 கிராம் ஆகும். ஆனால் எல்லா நாட்டிலும் எல்லாக் கேனிலும் இதே அளவு இருப்பதில்லை. சிங்கப்பூரில் 2022 டிசம்பர் 30 முதல் நடப்பிலிருக்கும், பானங்களைச் சர்க்கரை அளவைப் பார்த்துத் தரம்பிரிக்கும் நியூட்ரி-கிரேட் விதிப்படி, 100 மில்லிலிட்டருக்கு 10 கிராமுக்கு மேல் சர்க்கரை உள்ள பானம் ‘டி’ தரத்திலும், 5 கிராமுக்கு மேல் 10 கிராம் வரை உள்ளது ‘சி’ தரத்திலும் வரும். கேனிலுள்ள தர முத்திரையிலேயே சர்க்கரையின் விழுக்காடும் அச்சிடப்பட்டிருக்கும். சர்க்கரையைக் குறைத்து அவ்விடத்தில் செயற்கை இனிப்பூட்டியைச் சேர்த்த பானம் குடிக்கும்போது அதே அளவு இனிக்கலாம். வாணலியில் அதே போலப் பாகாகாது. ஆகவே விழுக்காட்டைப் பார்த்து, குறைகிற சர்க்கரையை நீங்களே சேர்த்துக்கொள்ளுங்கள். 5 விழுக்காடு என்றிருந்தால் ஒரு கேனுக்கு ஏறக்குறைய 18 கிராம் குறைகிறது என்று பொருள். ஒன்றரை மேசைக்கரண்டிச் சர்க்கரையோ அதே எடைக் கற்கண்டோ அக்குறையை நிரப்பிவிடும்.

சர்க்கரையே இல்லாத ‘ஜீரோ’, ‘டயட்’ வகைகளை இதற்கு வாங்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம். அவற்றைச் சுண்டவைத்தால் மினுமினுப்புத் தர எதுவும் இராது. அவற்றில் பலவற்றிலுள்ள அஸ்பார்டேம் என்னும் இனிப்பூட்டி நீண்ட நேரச் சூட்டில் சிதைந்து இனிப்பையும் இழக்கும். நீரிழிவு உள்ள வாடிக்கையாளர்கள் சிலர் சர்க்கரை இல்லையே என்ற எண்ணத்தில் ஜீரோ வகையை எடுத்துச் செல்வதைப் பார்க்கிறோம். அவர்கள் வழக்கமான கோலாவில் சமைத்து, இரண்டு மூன்று துண்டுகளோடு நிறுத்திக்கொண்டு, அடியில் தங்கும் சாற்றைச் சோற்றில் ஊற்றாமல் விடுவதே மேல் என்பது எங்கள் கருத்து. அதற்கும் முன்பாகத் தங்கள் மருத்துவரைக் கேட்டுக்கொள்வது நல்லது. சிறு பிள்ளைகள் உள்ள வீடுகளில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கோலாவிலுள்ள கஃபீன் கொதித்தாலும் போவதில்லை. ஒரு கேனில் 30 மில்லிகிராமுக்குச் சற்று மேல் இருக்கும். நால்வர் பங்கிட்டால் ஒருவருக்கு வருவது குறைவுதான் என்றாலும், வேண்டாமென்று நினைப்பவர்கள் கஃபீன் இல்லாத கோலாவைத் தேடி வாங்கலாம்.

அடுத்தது சோயா சாஸ். உப்புக் கரிப்பதும் நிறம் ஏறாததும் பெரும்பாலும் இங்கிருந்துதான் வருகின்றன. லைட் சோயா சாஸ் உப்புக்கும் சுவைக்கும் உரியது. டார்க் சோயா சாஸ் நிறத்துக்கு உரியது. வீட்டில் ஒரே புட்டி இருக்கிறதென்று நிறம் வரும்வரை லைட் சோயா சாஸை ஊற்றிக்கொண்டே போனால், சாறு சுண்டும்போது உப்பு மும்மடங்காகிவிடும். ஒரு மேசைக்கரண்டி லைட் சோயா சாஸில் இரண்டு கிராமுக்கு மேல் உப்பு இருக்கிறது என்பதை நினைவில் வைத்தால் கை தானாகவே கட்டுப்படும். அரை கிலோ இறக்கைக்கு, அதாவது ஏறக்குறைய பன்னிரண்டு நடுத்துண்டுகளுக்கு, லைட் சோயா சாஸ் இரண்டு மேசைக்கரண்டியும் டார்க் சோயா சாஸ் ஒன்றரைத் தேக்கரண்டியும் போதும். தனியே உப்புப் போட வேண்டாம். அரிசி மது சேர்ப்பவர்கள் ஒரு மேசைக்கரண்டியும், அன்னாசிப்பூ ஒன்றும், வட்டமாக நறுக்கிய இஞ்சி ஐந்தாறு துண்டும், இரண்டு வெங்காயத்தாளும், 330 மில்லி கோலா ஒரு கேனும் எடுத்துக்கொள்ளுங்கள். பட்டை, கிராம்பு, சோம்பு என்று அடுக்கத் தொடங்கினால் அது வேறொரு உணவாகிவிடும். காரம் வேண்டுமென்றால் காய்ந்த மிளகாய் இரண்டைக் கிள்ளிப் போடலாம். சீன வீடுகளிலும் அப்படிச் செய்பவர்கள் உண்டு.

முஸ்லிம் வாடிக்கையாளர்கள் கவனத்துக்கு: சீனச் செய்முறைகளில் சொல்லப்படும் ஷாவ்ஷிங் வகை அரிசி மதுவில் ஆல்கஹால் உண்டு. அதை முற்றாக விட்டுவிட்டு இஞ்சியை இன்னும் இரண்டு துண்டு கூட்டிக்கொண்டாலே இறைச்சியின் கவிச்சி போய்விடும். பதிலாக வேறெதையும் ஊற்ற வேண்டியதில்லை. சோயா சாஸிலும் சில வகைகளில் ஆல்கஹால் சேர்க்கப்படுவதால், சிங்கப்பூர் இஸ்லாமிய சமய மன்றமான முயிஸின் ஹலால் முத்திரை பெற்ற புட்டிகளை மட்டும் தனித் தட்டில் அடுக்கியிருக்கிறோம். அரிசி மது அத்தட்டின் அருகில் வராது.

இனி இறக்கையைப் பற்றி. நாங்கள் நடுத்துண்டைப் பரிந்துரைப்பதற்குக் காரணம் இருக்கிறது. அதில் தோல் அதிகம், இரண்டு மெல்லிய எலும்புகளுக்கு இடையே சதை குறைவு. தோலிலும் மூட்டிலும் உள்ள கொலாஜன் மெதுவாக வேகும்போது ஜெலட்டினாகிச் சாற்றில் கலந்து, சோளமாவு இல்லாமலே அதைக் கெட்டியாக்குகிறது. நெஞ்சுக்கறியில் இது நடவாது, அது வறண்டுபோகும். நம்மிடம் உறைந்த நிலையில் வருபவை பெரும்பாலும் பிரேசில் நாட்டவை. அவற்றை முதல்நாள் இரவே குளிர்பதனப் பெட்டியின் கீழ்த்தட்டில், தட்டமொன்றில் வைத்து உருகவிடுங்கள். வெளியே மேசைமேல் வைத்து உருகவிட வேண்டாம்.

குழாயடியில் மஞ்சள் போட்டுக் கழுவும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு. பச்சைக் கோழியைக் கழுவும்போது தெறிக்கும் நீரால் கிருமிகள் தொட்டியிலும் பக்கத்துப் பாத்திரங்களிலும் பரவுகின்றன. இந்த உணவுக்குச் சீனர்கள் செய்வது அதைவிட நன்று: இறக்கைகளைக் குளிர்ந்த நீரிலேயே இஞ்சித் துண்டுகளோடு போட்டு அடுப்பில் ஏற்றி, கொதி வந்ததும் மேலே திரளும் நுரையை அகற்றி எடுத்துவிடுகிறார்கள். பிறகு வெந்நீரில் ஒருமுறை அலசி, காகிதத் துண்டால் ஈரம் போக ஒற்றி எடுக்க வேண்டும். ஒற்றுவதில் சோம்பல் கூடாது. ஈரத்தோடு எண்ணெயில் இட்டால் தெறிப்பதோடு தோல் வாணலியில் ஒட்டிக் கிழிந்தும் போகும். ஒவ்வொரு துண்டிலும் கத்தியால் இரண்டு கீறல் போட்டால் சாறு உள்ளே இறங்கும். கோலாவில் இரவெல்லாம் ஊறவைக்கத் தேவையில்லை.

அகலமான துருப்பிடியாத எஃகு வாணலியோ ஒட்டாத வாணலியோ எடுத்துக்கொள்ளுங்கள். கோலா நல்ல புளிப்புள்ள திரவமாதலால், இரும்பு வாணலியில் பழகிப் படிந்த எண்ணெய்ப் பூச்சை அது உரித்துவிடும். எண்ணெய் ஒரு மேசைக்கரண்டிக்கு மேல் வேண்டாம். தோலிலிருந்தே கொழுப்பு இறங்கும். தோல்பக்கம் கீழிருக்கும்படி அடுக்கி, நடுத்தணலில் பொன்னிறமாகும்வரை தொடாமல் விட்டு, பிறகு திருப்புங்கள். சாறு சேர்ந்தபின் தோல் சிவக்காது. வறுபட்ட மணம் முழுவதும் இந்தச் சில நிமிடங்களில்தான் கிடைக்கிறது. பின் இஞ்சி, அன்னாசிப்பூ, வெங்காயத்தாளைப் போட்டுப் பிரட்டி, அரிசி மது சேர்ப்பவர்கள் அதை ஓரமாக ஊற்றி, சோயா சாஸ்களைச் சேர்த்து, இறுதியாகக் கோலாவை ஊற்றுங்கள். இறக்கைகள் மூழ்கும் அளவு இருந்தால் போதும். இருமடங்கு இறக்கைக்கு இருமடங்கு கோலா ஊற்றினால் அது சுண்டுவதற்குள் சதை குழைந்துவிடும்; ஒரு கிலோவுக்கு ஒன்றரைக் கேனே கணக்கு. கொதித்ததும் தணலைக் குறைத்து, மூடியைச் சற்றுத் திறந்துவைத்து, 15 முதல் 20 நிமிடம் வேகவிடுங்கள்.

இதன் பிறகு வருவதே இந்தச் சமையலின் உயிர்நாடி. குறை சொன்னவர்களில் பலரும் தடுமாறிய இடமும் இதுதான். மூடியை எடுத்துவிட்டு, வெங்காயத்தாளையும் அன்னாசிப்பூவையும் அகற்றிவிட்டு, தீயைக் கூட்டுங்கள். வாணலியில் நீர் இருக்கும்வரை வெப்பம் 100 பாகையை ஒட்டியே நிற்கும். அதுவரை எதுவும் தீயாது, எதுவும் மினுங்காது. நீர் குறையக் குறையச் சர்க்கரை செறிந்து, வெப்பம் ஏறத் தொடங்கும். குமிழிகள் முதலில் சிறியவையாய், உடனுக்குடன் உடைபவையாய் இருக்கும். பின்பு பெரியவையாய், மெதுவாக எழுந்து மெதுவாக உடைபவையாய் மாறும். அதிரசத்துக்குப் பாகு காய்ச்சிப் பழகிய கைகளுக்கு இப்பதம் சொல்லாமலே தெரியும். அந்த மாற்றம் வந்ததும் அடுப்பை விட்டு நகராமல், துண்டுகளைப் புரட்டிக்கொண்டே இருக்க வேண்டும். கரண்டியின் முதுகில் சாறு படிந்து, விரலால் கோடு கிழித்தால் கோடு மூடாமல் நிற்கும்போது தீயை அணைத்துவிடுங்கள். ஆறும்போது அது இன்னும் கெட்டியாகும் என்பதால், சற்று இளகலாக இருக்கும்போதே நிறுத்துவதே சரி. அதற்குமேல் ஓரிரு நிமிடம் விட்டால் சர்க்கரை கருகிக் கசக்கும். கருகிய சாற்றில் மறுபடியும் கோலா ஊற்றினாலும் கசப்புப் போகாது. இறக்கைகளை மட்டும் எடுத்துத் தனித்தட்டில் வைத்துவிடுங்கள். சாறு தண்ணீராக இருக்கிறதென்று குறைபட்டவர்களோ இந்த ஐந்தாறு நிமிடங்களுக்கு முன்பே அடுப்பை அணைத்தவர்கள். அவர்களுக்கு வேண்டியது சோளமாவு அன்று, இன்னும் கொஞ்சம் தீயும் பொறுமையும்.

வெந்துவிட்டதா என்று அறிய வெப்பமானி வைத்திருப்பவர்கள் எலும்பைத் தொடாமல் தடித்த இடத்தில் குத்திப் பாருங்கள். 74 பாகை பாதுகாப்பான எல்லை. ஆனால் இறக்கை 85 பாகையைத் தாண்டிய பிறகே எலும்பிலிருந்து எளிதில் கழன்று வரும்.

எல்லாவற்றையும் கலந்த ஆயத்தச் சாஸ் புட்டியொன்றை நாங்களே விற்கலாமே என்று சிலர் அன்போடு கேட்டிருக்கிறீர்கள். மொத்த வணிகர்களும் அத்தகைய புட்டிகளைக் கொண்டுவந்து காட்டுகிறார்கள். அவற்றில் சாறு முன்கூட்டியே மாவால் கெட்டியாக்கப்பட்டிருப்பதால், இறக்கை வேகும் முன்பே அடிப்பிடிக்கிறது. உப்பையும் இனிப்பையும் கூட்டவோ குறைக்கவோ உங்களுக்கு வழியில்லை. விலையோ, தனித்தனியே வாங்கும் இரண்டு சோயா சாஸ் புட்டிகளின் விலையை நெருங்குகிறது. அவ்விரு புட்டிகளும் பல மாதச் சமையலுக்கு வரும். ஆகவே அந்தச் சாஸை இப்போதைக்கு வாங்கி வைப்பதாக இல்லை.

மிஞ்சியதை இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்பதனப் பெட்டியில் வைத்துவிடுங்கள். மறுநாள் சாறு கட்டியாக உறைந்திருந்தால் அது கெட்டுப்போனதன்று, ஜெலட்டின் உறைந்திருக்கிறது. இரண்டு கரண்டி வெந்நீர் விட்டு, மூடி, சிறுதீயில் ஆவி நன்றாக எழும்வரை சூடாக்கினால் பழைய மினுமினுப்பு வரும். இரண்டு மூன்று நாளுக்கு மேல் வைத்திருக்க வேண்டாம்.

வார இறுதிகளில் நடுத்துண்டுகள் முற்பகலிலேயே தீர்ந்துவிடுகின்றன. இரண்டு கிலோவுக்கு மேல் வேண்டுவோர் முதல்நாள் மாலைக்குள் கல்லாவில் சொல்லிவைத்தால், கீறல் போட்டே எடுத்து வைக்கிறோம். அதற்குத் தனிக் கட்டணம் இல்லை.

அன்புடன்,
கடை நிர்வாகத்தார்