அறிவியல் விழாக் குழுவினருக்கு: ஊசியிலைக் காட்டுப் பலகையைத் திருத்துங்கள்

அன்புள்ள அறிவியல் விழா ஏற்பாட்டுக் குழுவினருக்கு, வணக்கம்.

நம் தோட்டத்து மண்டபத்தில் பிள்ளைகள் வைத்த கண்காட்சி அருமை. ஒரு பலகை மட்டும் உறுத்துகிறது. "பூமி சூடானால் ஊசியிலை மரங்கள் வேகமாக வளரும், காடு செழிக்கும்" என்று கொட்டை எழுத்தில் இருந்தது. இதே பலகைகள் அடுத்து மாநில அளவிலான விழாவுக்குப் போகின்றன என்று கேள்வி. அதற்குள் திருத்திவிடலாமே என்றுதான் இந்த மடல்.

எழுதியது முழுப் பொய் இல்லை. வட துருவத்தை ஒட்டிய காடுகளில் வளரும் பருவம் நீண்டிருக்கிறது. ஈரம் போதுமான இடங்களில் மரங்கள் கூடுதலாக வளர்ந்தும் இருக்கின்றன. ஆனால் அலாஸ்காவின் உட்பகுதியில், வெப்பமும் வறட்சியும் சேர்ந்த ஆண்டுகளில் வெள்ளை ஸ்புரூஸ் என்ற ஊசியிலை மரங்களின் ஆண்டு வளையங்கள் குறுகின, அதாவது வளர்ச்சி குறைந்தது. சூடான காற்று இலையிலிருந்து ஈரத்தை உறிஞ்சும்போது மரம் இலைத்துளைகளை மூடிக்கொள்ளும். மூடினால் உணவு தயாரிப்பும் படுத்துவிடும்.

அதோடு, வளர்த்தி வேறு, ஆரோக்கியம் வேறு. பால்மரம் (ரப்பர் மரம்) சீவிய குடும்பங்களுக்கு இதைச் சொல்லித் தரவே வேண்டாம். பால் பெருக்கும் மருந்தைத் தடவினால் மங்கு (பால் பிடிக்கும் கிண்ணம்) நிறையும். அளவு மீறித் தடவினால் பட்டை காய்ந்து பால் நின்றுவிடும். நிறைந்த மங்கைப் பார்த்து, மரம் நன்றாக இருக்கிறது என்று எந்த மண்டோரும் (தோட்ட மேற்பார்வையாளரும்) சொல்ல மாட்டார்.

பைன் மரத்துக்குப் பிசின்தான் காவல். வண்டு பட்டையைத் துளைத்தால் பிசின் பெருகி அதை வெளியே தள்ளும். வறட்சியில் வாடிய மரத்தால் அவ்வளவு பிசின் சுரக்க முடியாது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் 1990களில் கிளம்பிய மலைப் பைன் வண்டு ஏறக்குறைய 1.8 கோடி ஹெக்டேர் காட்டைப் பாதித்தது. வண்டின் நீளம் அரை சென்டிமீட்டர்தான். முன்பெல்லாம் குளிர்காலத்தில் மைனஸ் 40 டிகிரிவரை இறங்கினால் வண்டின் புழுக்கள் பட்டைக்குள்ளேயே செத்துவிடும். அப்படிப்பட்ட குளிர் அரிதாகிவிட்டது. வண்டு விழுந்த மரம் உடனே காட்டிக்கொடுப்பதும் இல்லை. முதல் ஆண்டு பச்சையாகவே நிற்கும். மறு கோடையில் ஊசிகள் செந்நிறமாகும். அப்புறம் எல்லாம் உதிர்ந்து சாம்பல் நிறத்தில் வெறும் மரம் நிற்கும். பலகையில் ஒட்டியிருந்த அந்தப் பச்சைக் காட்டுப் படத்தை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது என்பதற்காகச் சொல்கிறேன்.

ஜெர்மனியின் ஹார்ஸ் மலையில் 2018 வறட்சிக்குப் பின் ஸ்புரூஸ் காடுகள் பட்டை வண்டுக்குப் பலியாயின. பெரும்பாலும் ஒரே இனமாக நட்டு வளர்த்த காடுகள் அவை. எந்தப் பக்கம் திரும்பினாலும் செம்பனை (எண்ணெய்ப் பனை) மட்டுமே தெரியும் நம் ஊரில் இந்தச் செய்தியை இரண்டு முறை படிக்கலாம்.

எனக்கு விசித்திரமாகப்பட்டது அலாஸ்காவின் மஞ்சள் சீடர் (cedar) என்ற ஊசியிலை மரம். வெப்பம் கூடியதால் அது குளிரில் சாகிறது! தரையில் கிடக்கும் பனிதான் அதன் ஆழமில்லாத வேர்களுக்குப் போர்வை. பனி குறைந்துபோனதால், வசந்தத்தின் தொடக்கத்தில் வரும் உறைகுளிர் வேரைத் தாக்குகிறது. பிள்ளைகளிடம் இதைக் கேள்வியாகக் கேட்டுப் பாருங்கள், பலகை முன் கூட்டம் நிற்கும்.

இன்னொன்று. மாதிரிக்கென்று ஒட்டியிருந்த கிளை ரூ மரத்துடையது, நம்மவர்கள் சவுக்கு என்பது. பார்க்க ஊசி மாதிரி இருந்தாலும் அது ஊசியிலை மரம் இல்லை. ஒரு குச்சியை இழுத்தால் கணுக்கணுவாகக் கழன்று வரும். இலைகள் கணுவைச் சுற்றிச் சின்னப் பற்களாக இருக்கும். உண்மையான ஊசியிலை வகை மரங்கள் நம் மலேசியாவிலும் உண்டு: டாமார் மின்யாக், போடோ. அவற்றில் சில உயர்ந்த மலைகளில், மேகம் தரும் ஈரத்தில் வளர்பவை. வெப்பம் கூடக்கூட மேலே நகரலாம்தான், ஆனால் உச்சிக்கு மேல் மலை கிடையாது.

எனவே தலைப்பை மாற்றுங்கள், ரூ கிளையை எடுத்துவிட்டுப் போடோ கிளையை வையுங்கள், வண்டு விழுந்த காட்டின் பச்சை, சிவப்பு, சாம்பல் படங்கள் மூன்றையும் வரிசையாக ஒட்டுங்கள். எழுதிய பிள்ளைகளைத் திட்ட வேண்டாம். அவர்கள் கையாலேயே திருத்தச் சொல்லுங்கள்; அட்டையும் பசையும் நான் வாங்கித் தருகிறேன்.

இப்படிக்கு,
தோட்டத்துப் பள்ளியின் முன்னாள் மாணவன்