கையில் பிடித்திருந்த குவளை

அன்புள்ள பாப்பாவுக்கு,

இங்கு அனைவரும் நலம். மாடிப்படிக்குக் கைப்பிடி வைத்தாயிற்று. அப்பாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. மற்றச் செய்திகளைப் பிறகு எழுதுகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை வந்திருந்த சின்ன அத்தை, உங்கள் அலுவலக விருந்தில் எடுத்த படத்தைத் தன் கைப்பேசியில் காட்டினாள். "பிள்ளை நல்லா நிறமாயிட்டா" என்று சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்தாள். "தீபாவளிக்கு எடுத்த சுடிதார்" என்றேன் நான். உன் கையில் இருந்த குவளையைப் பற்றி இருவரும் பேசவில்லை.

நான் உன்னை விசாரிக்கவில்லை. உனக்கு 26 வயதாகிறது. இந்த வீட்டுக் கடனை அடைத்தவள் நீ என்று தெருவில் எல்லோரிடமும் சொல்லிக்கொள்கிறேன். ஆனால் அந்தப் பெருமையோடு, மூன்று வாரமாக நீ என்னிடம் இரண்டு நிமிடத்துக்கு மேல் பேசவில்லை என்பதையும் எண்ணிக்கொண்டுதான் இருக்கிறேன்.

வேதியியல் நடத்தியவள் என்பதால் கணக்கிலிருந்தே தொடங்குகிறேன். "பீர்தானே" என்பார்கள். 5 சதவீத ஆல்கஹால் உள்ள 650 மில்லி பீர் பாட்டிலில் ஏறத்தாழ 26 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. ஸ்மால் என்று சொல்கிற 30 மில்லி விஸ்கியில் இருப்பது ஏறத்தாழ 10 கிராம். ஆக, ஒரு பீர் இரண்டரை ஸ்மாலுக்குச் சமம். அளவோடு குடிக்கிறேன் என்பவர்கள் பெரும்பாலும் அந்த அளவைத் தாங்கள் வைப்பதில்லை. பாதிக் குவளையைப் பக்கத்தில் இருப்பவர் நிரப்பிவிட்டால் எண்ணிக்கை தவறிவிடும். ஆறு பேர் ஆளுக்கொரு சுற்று வாங்குவதென்று முறை வைத்தால், அவர்களில் வேகமாகக் குடிப்பவனின் வேகமே மற்ற ஐவரின் வேகமுமாகிவிடும். ஆகவே உன் குவளையைப் பிறர் நிரப்ப விடாதே. வற்புறுத்துகிறவர்களை மறுத்துவிடலாம், யாரும் ஒன்றும் சொல்லாதபோது, எல்லோர் கையிலும் ஒன்று இருக்க நம் கை மட்டும் வெறுமையாக இருக்கிறதே என்று வருகிற கூச்சத்தைத்தான் மறுக்கத் தெரிவதில்லை.

பி.எட். படித்தபோது சாலமன் ஆஷ் என்ற உளவியலாளர் 1950களில் நடத்திய சோதனையைப் பற்றிப் படித்தேன். ஒரு கோட்டுக்கு நீளம் ஒத்த இன்னொரு கோட்டைக் காட்டச் சொன்னபோது, முன்பே பேசிவைத்த ஆட்கள் வேண்டுமென்றே தவறான கோட்டைக் காட்டினார்கள். விவரம் அறியாமல் நடுவில் உட்கார்ந்திருந்தவர்களின் பதில்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அந்தக் கூட்டத்தோடு போயிற்று. கண்ணெதிரே தெரிகிற கோட்டிலேயே இந்தக் கதி. ஆனால் கூட்டத்தில் ஒரே ஒருவர் சரியாகச் சொன்னாலும், மற்றவருக்குத் தைரியம் வந்து தவறு வெகுவாகக் குறைந்தது. எனவே எலுமிச்சை சோடா குடிக்கிற ஒருத்தியைத் தேடி அவள் பக்கத்தில் உட்கார். அப்படி யாரும் இல்லையென்றால் அது நீயாக இரு. உன்னைப் பார்த்து இன்னொரு பெண்ணும் துணிவாள். எதுவானாலும் உன் குவளையைப் பிறர் நிரப்ப விடாதே.

பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் சொன்னதை உனக்கு அனுப்பியிருந்தேன். நீ ஒரு கட்டைவிரலை மட்டும் பதிலாக அனுப்பினாய்.

இதையெல்லாம் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை என்று இந்த வரியை எழுதும்போது கை நிற்கிறது. நீ கைக்குழந்தையாக இருந்தபோது, அப்பாவின் பதவி உயர்வுக் கோப்பு மேலதிகாரியிடம் இருந்தது. அவர் வீட்டில் விருந்து. அப்பா போக மாட்டேன் என்றார். "குடிக்க வேண்டாம், கையில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், எல்லோரும் கம்பெனி கொடுக்கும்போது நீங்கள் மட்டும் மோர் கேட்டால் தலைக்கனம் என்பார்கள்" என்று சொல்லிச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக் கொடுத்தவள் நான். அன்றிரவு அவர் ஏலக்காய் மணக்க வந்தார். ஐஸ் கரைகிறவரை பிடித்துக்கொண்டே இருந்ததாகவும், "என்ன சார், அப்படியே இருக்கு?" என்று அதிகாரியே வந்து கேட்டதால் குடித்துவிட்டதாகவும் பள்ளிக்கூடப் பிள்ளையைப் போலச் சொன்னார். நான் சிரித்தேன். மார்ச்சில் ஆர்டர் வந்தது, தெருவெல்லாம் லட்டு கொடுத்தேன்.

பிறகு வந்த ஒன்பது வருடங்களை உனக்கு எழுத வேண்டியதில்லை. ராஜபாளையத்துக் கல்யாண மண்டபத்தில் அவரைத் தாங்கி நின்றவள் நீ. அவருடைய சகவாசம் சரியில்லை என்றே இத்தனை நாளும் எல்லோரிடமும் சொல்லி வந்தேன். அந்தச் சகவாசத்துக்கு அவரை அனுப்பியது யார் என்று நீ ஒருநாளும் கேட்டதில்லை, நானாகவும் சொன்னதில்லை.

அத்தை போன பிறகு, அந்தப் படத்தை என் கைப்பேசியில் பெரிதாக்கிப் பார்த்தேன். உன் குவளை நிறைய இருக்கிறது. ஐஸ் கரைந்துவிட்டிருக்கிறது. அதை உன் கையில் கொடுத்தது யார் பாப்பா? பிறகு அதை என்ன செய்தாய்? திட்ட மாட்டேன், எழுது.

அன்புடன்,
அம்மா